அசல் பாட்டும் மறுபாட்டும்: டில்லி கேஸட் காலத்துச் சரித்திரம்

சங்கீதத்தில் அசல் எது, நகல் எது என்ற கேள்வி நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் ஒரே கிருதியை உமையாள்புரம் சிஷ்ய பரம்பரையில் ஒரு விதமாகவும், வாலாஜாபேட்டை பரம்பரையில் இன்னொரு விதமாகவும், தில்லைஸ்தானம் பரம்பரையில் வேறு விதமாகவும் பாடி வந்திருக்கிறார்கள். "எங்கள் பாடாந்தரம் இது" என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஸ்வாமிகளே பாடிய ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. ஆகவே யாரும் யாரையும் நகல் என்று சொல்ல முடியாது. ஸாஹித்யமும் ராகமும் நிலைத்திருக்கும், பாடுகிறவர் மாறிக்கொண்டே இருப்பார். இது நம் சம்பிரதாயம்.

சினிமாப் பாட்டின் கதை வேறு. அங்கே ஒலிப்பதிவுதான் பாட்டு. முகமது ரஃபி பாடியதை வேறொருவர் ஸ்வரம் பிசகாமல் பாடினாலும், "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பாட்டு இல்லை" என்கிறோம். இந்த இரண்டு எண்ணங்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம், நான் ஐம்பது ஆண்டுகளாக வசிக்கும் டில்லி. 1980-களிலும் 90-களிலும் பழைய பாட்டுகளைப் புதுக் குரல்களில் பாடவைத்துக் கேஸட்டாக விற்கும் தொழில் இங்கேதான் தழைத்தது. அதை 'வெர்ஷன்' என்றும் 'கவர் வெர்ஷன்' என்றும் சொன்னார்கள். அதைப் பற்றிய முக்கியமான வழக்குகளும் டில்லி உயர் நீதிமன்றத்திலேயே நடந்தன.

பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. நான் சங்கீத வித்வானும் அல்ல, வக்கீலும் அல்ல. இயற்பியலில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவன். கேட்பதும், கேட்டதை ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஃபைல் பார்த்த பழக்கத்தால் சட்டப் பிரிவுகளைப் பொறுமையாக வாசிப்பதும்தான் என் தகுதி.

இசைத்தட்டுக் காலம்

நம் தேசத்தில் ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. லண்டனிலிருந்து வந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் ஒரு ஹோட்டல் அறையில் கருவியை வைத்துக்கொண்டு பாடகிகளைப் பாடவைத்தார். அவர்களில் கௌஹர் ஜான் பெரும் புகழ் பெற்றார். தட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அவரே உரக்கச் சொல்லுவார். யார் பாடியது என்பது ஆரம்பத்திலிருந்தே பாட்டோடு ஒட்டிக்கொண்ட விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது மூன்றரை நிமிஷந்தான் கொள்ளும். பேசும் படம் வந்த பிறகும், படத்தில் கேட்கும் பாட்டு வேறு, தட்டில் கேட்கும் பாட்டு வேறு என்ற நிலை வெகு காலம் இருந்தது. நடிகர் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருப்பார், தட்டு வெளியிடுவது இன்னொரு கம்பெனியாக இருக்கும். அப்போது வேறொரு பாடகரை வைத்து அதே பாட்டைத் தட்டுக்காகப் பதிவு செய்வார்கள். ஆக, 'வெர்ஷன்' என்பது கேஸட்டோடு பிறந்த குழந்தை அல்ல. அதன் பாட்டனார் இசைத்தட்டுக் காலத்திலேயே இருந்தார்.

தமிழ்ப் படவுலகில் இதைவிட விசித்திரமான ஒரு காரியம் நடந்தது. 1945-ல் ஏ.வி.எம். எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணி தாமே பாடி நடித்திருந்தார். பாட்டுகள் மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலைப் படத்தில் சேர்த்துவிட்டார். அதே படம், அதே முகம், அதே வர்ணமெட்டு. குரல் மட்டும் வேறு. இதில் எது அசல்? ஜனங்கள் கொண்டாடியது பெரியநாயகியின் குரலைத்தான்.

ஹிந்தியில் 1949-ல் வந்த 'மஹல்' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிப் பிரசித்தமான 'ஆயேகா ஆனேவாலா' பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். குரலுக்குச் சொந்தக்காரர் இன்னார் என்று சொல்லும் வழக்கம் பிறகுதான் ஊன்றியது. அப்படி ஊன்றிய பிறகே, "ரஃபி பாடியது", "லதா பாடியது" என்று ரஸிகர்கள் பாட்டை அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள்.

சட்டத்தில் ஒரு ஜன்னல்

ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடி விற்க எப்படி அனுமதி கிடைத்தது? இதற்குப் பதில் தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தானே வாசிக்கும் பியானோ பிரபலம். துளையிட்ட காகிதச் சுருள் ஒன்றை மாட்டிவிட்டால் பியானோ தானாகப் பாடும். பாட்டை இயற்றியவர்கள், "எங்கள் பாட்டைச் சுருளில் போட்டு விற்கிறார்கள், எங்களுக்குக் காசில்லை" என்று வழக்குப் போட்டார்கள். 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மனிதர் கண்ணால் பார்த்து வாசிக்க முடியாத சுருள் ஒரு பிரதியே அல்ல என்று தீர்ப்பளித்தது. இது நியாயமில்லை என்று 1909-ல் சட்டத்தைத் திருத்தி, இயற்றியவருக்கு உரிமை கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஒரு பெரிய கம்பெனி வெளியீட்டாளர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. உரிமையை முழுதாகக் கொடுத்தால் எல்லாப் பாட்டும் ஒரே கம்பெனியின் பெட்டிக்குள் போய்விடும் என்ற பயம் வந்தது. ஆகவே நடுவழியாக ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு பாட்டை உரிமையாளர் ஒரு முறை பதிவு செய்ய அனுமதித்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் தாங்களே வாசித்தோ பாடியோ பதிவு செய்யலாம். பிரதி ஒன்றுக்கு 2 சென்ட் ராயல்டி கட்டிவிட வேண்டும்.

இதே யோசனை 1911-ல் பிரிட்டிஷ் சட்டத்தில் ஏறியது. அங்கிருந்து 1914-ல் இந்தியாவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் இயற்றிக்கொண்ட 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 52-வது பிரிவில் ஓர் உட்பிரிவாக அமர்ந்தது. நோட்டீஸ் கொடு, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டு, பாட்டை அவசியமில்லாமல் மாற்றாதே, இவ்வளவுதான் நிபந்தனை. எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஏகபோகம் கூடாது என்று வைத்த ஜன்னல் இது. இரண்டு தலைமுறைக்கு மேல் அதை யாரும் பெரிதாகத் திறந்து பார்க்கவில்லை.

தர்யாகஞ்சின் பழரசக் கடை

அதைத் திறந்தவர் டில்லிக்காரர். 1951-ல் பிறந்த குல்ஷன் குமார், தர்யாகஞ்சில் தகப்பனாரோடு பழரசக் கடையில் இருந்தவர். பிறகு குடும்பம் இசைத்தட்டும் கேஸட்டும் விற்கும் கடைக்கு மாறியது. 1983-ல் சூப்பர் கேஸட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். டி-சீரீஸ் என்ற அடையாளம் அதனுடையதுதான். தொழிற்சாலை பக்கத்து நொய்டாவில்.

அவர் காலடி வைத்த நேரம் அப்படி. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகப்படுத்திய கேஸட், 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்ஸைடு தூள் பூசி, அதைக் காந்தமாக்கி ஒலியைப் பதிவது என்பதே இதன் தத்துவம். இசைத்தட்டு அச்சடிக்கப் பெரிய ஆலை வேண்டும். கேஸட் பிரதி எடுக்க ஓர் அறை போதும். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் டேப் ரிக்கார்டரோடு திரும்பி வந்தார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சிறிது தளர்ந்தன. ரிக்கார்டு பிளேயர் வாங்க யோசித்த குடும்பங்கள் எல்லாம் டேப் ரிக்கார்டர் வாங்கின.

இன்னொரு பக்கம், மக்களுக்குப் பிரியமான குரல்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. முகேஷ் 1976-லும், ரஃபி 1980-லும், கிஷோர் குமார் 1987-லும் காலமானார்கள். அவர்களுடைய பழைய பாட்டுகளைக் கேட்க ஏக்கம் இருந்தது. அந்த ஒலிப்பதிவுகளில் பெரும் பகுதி எச்.எம்.வி. என்று நாம் அறிந்த கிராமஃபோன் கம்பெனியிடம் இருந்தது. பொக்கிஷம் அவர்களிடம், ஆனால் கடையில் கேட்ட பாட்டு கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மத்தியதரக் குடும்பத்துக்கு விலை கொஞ்சம் கனம்.

குல்ஷன் குமார் செய்தது இதுதான். ரஃபி பாட்டுகளை சோனு நிகமையும், கிஷோர் பாட்டுகளைக் குமார் ஸானுவையும், முகேஷ் பாட்டுகளை பாப்லா மேத்தாவையும் பாடவைத்து, 'யாதே(ன்)', அதாவது 'நினைவுகள்' என்ற தலைப்பில் வரிசையாகக் கேஸட்டுகள் வெளியிட்டார். லதாவின் பாட்டுகளை அனுராதா பௌட்வால் பாடினார். விலை கணிசமாகக் குறைவு. இசைத்தட்டுக் கடையை மட்டும் நம்பாமல், மளிகைக் கடை, பான் கடை வரைக்கும் கேஸட்டைக் கொண்டு போய் வைத்தார். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனால் மூட்டை மூட்டையாகக் கட்டி வெளியூருக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அப்படித்தான் சோனேபத்தில் ஒரு டிரக் டிரைவரும், எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஒரு எல்.டி.சி.யும் ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

இதை ஒரு சாரார் சேவை என்றார்கள்; இன்னொரு சாரார் திருட்டு என்றார்கள். சட்டப்படி பார்த்தால், நோட்டீஸும் ராயல்டியும் ஒழுங்காகப் போயிருந்தால் திருட்டு ஆகாது. ஜன்னல் சட்டத்திலேயே இருந்தது.

ஒரு சிறு சோதனை

1993 வாக்கில் எங்கள் பிளாக்கில் இது பற்றி ஓயாத விவாதம். எதிர்வீட்டு பஞ்சாபி நண்பர் ரஃபி பக்தர். "ஐயர் சாஹேப், தங்கம் தங்கம்தான், முலாம் முலாம்தான்" என்பார். மாடி வீட்டு மாமிக்கு அதெல்லாம் கவலையில்லை. "பாட்டு நன்னா இருந்தா சரி. அவா பாடினா என்ன, இவா பாடினா என்ன? நம்மாத்துக் கல்யாணத்துல லாலி பாடறவா யார்னு பார்த்தா கேக்கறோம்?" என்பார்.

விஞ்ஞானம் படித்தவன் சும்மா இருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரை உட்காரவைத்து, ஐந்து பாட்டுகளின் அசலையும் மறுபதிவையும் வரிசையைக் கலைத்துப் போட்டேன். எது அசல் என்று தனித்தனியே காகிதத்தில் எழுதச் சொன்னேன். பெரும்பாலும் சரியாகவே எழுதினார்கள். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டபோது சுவாரஸ்யமான பதில் வந்தது. குரலை வைத்துக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான், அந்த ரஃபி பக்தர். மற்ற எல்லோரும் பாடகர் வாய் திறக்கும் முன்பே, முன்னிசையை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

காரணம் எளிது. 1950-களிலும் 60-களிலும் பாட்டுப் பதிவு என்றால் பாடகர், வயலின் கோஷ்டி, தபேலா, புல்லாங்குழல் எல்லோரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல வயலின்கள் சேரும்போது ஒவ்வொன்றின் சுருதியும் இம்மியளவு வேறுபடும். அந்த வேறுபாடுதான் சேர்ந்திசைக்கு ஒரு கனத்தையும் அலைவையும் தருகிறது. கூடத்தின் எதிரொலியும் அதோடு கலந்துவிடும். மறுபதிவில் வயலின் கோஷ்டியின் இடத்தில் ஸிந்தஸைஸர், தபேலாவுக்குப் பக்கத்தில் ரிதம் மெஷின். தடம் தடமாகத் தனித்தனியே பதிவு செய்து பிறகு சேர்ப்பார்கள். ஒலி சுத்தமாக இருக்கும், இரைச்சல் இராது. லயம் கடிகாரம் மாதிரி இம்மி பிசகாது. ஆனால் அசலில் பாடகர் ஒரு சொல்லுக்காகச் சற்றுத் தயங்கினால் தபேலாவும் கூடவே தயங்கும். மெஷினுக்குத் தயங்கத் தெரியாது.

இன்னொன்றும் கவனித்தேன். அப்போது பத்து வயதான என் பெண், மறுபதிவுகளைக் கேட்டே வளர்ந்தவள். அசலைப் போட்டபோது, "இது என்னப்பா, கரகரங்கறது, யாரோ வேற மாதிரி பாடறா" என்றாள். அவளுக்கு முதலில் காதில் விழுந்ததுதான் அசல். சரித்திரத்தில் முந்தியது ஒன்று, நம் காதுக்கு முந்தியது இன்னொன்று. ஒப்பிட உட்காரும் எல்லோரும் இதை நினைவில் வைக்க வேண்டும். நாம் 'அசல் மாதிரி வராது' என்று சொல்லும்போது, பாதி பாட்டைப் பற்றியும் பாதி நம் வாலிபத்தைப் பற்றியும் பேசுகிறோம்.

நீதிமன்றத்தில்

சண்டை முற்றியது 1994-ல். 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படம் வந்து, ராம்லக்ஷ்மண் இசையில் லதாவும் நம் எஸ்.பி.பாலசுப்ரமண்யமும் பாடிய பாட்டுகள் தேசம் முழுக்க ஒலித்தன. உரிமை கிராமஃபோன் கம்பெனியிடம். சூப்பர் கேஸட்ஸ் அதே பாட்டுகளை வேறு குரல்களில் பதிவு செய்து, அதே படப் பெயரோடு வெளியிட்டது. இது பழைய பாட்டின் நினைவாஞ்சலி அல்ல. படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடையில் வந்து நின்ற போட்டி.

வழக்கு டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1995-ல் நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவு நிதானமானது. அசல் கேஸட்டைப் போன்ற நிறமும் அமைப்பும் உள்ள அட்டையை உபயோகிக்கக் கூடாது. படத்தின் நட்சத்திரங்களின் புகைப்படம் போடக் கூடாது. படப்பெயரைப் போட்டால், இது அசல் ஒலிப்பதிவு அல்ல, வேறு கலைஞர்களின் குரலில் பாடியது என்று நன்றாகக் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். அதாவது, பாடுவதில் நீதிமன்றத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஜனங்களை ஏமாற்றுவதில்தான் ஆட்சேபம்.

அதே சமயத்தில் பார்லிமெண்டும் விழித்துக்கொண்டது. 1994-ல் நிறைவேறி 1995 மே 10 முதல் அமலுக்கு வந்த திருத்தம், முதல் பதிவு வெளியான ஆண்டு முடிந்து இரண்டு காலண்டர் ஆண்டுகள் ஆகும் வரை மறுபதிவு கூடாது என்றது. அட்டைகளின் பிரதியை முன்கூட்டியே உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும், கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும், குழப்பம் உண்டாக்கும் லேபிள் கூடாது என்றும் சொன்னது.

2003-ல் மீண்டும் டில்லி உயர் நீதிமன்றம். 'பாகீஸா' படத்துப் பாட்டு ஒன்றின் மறுபதிவு பற்றிய வழக்கு. இந்தத் தடவை சூப்பர் கேஸட்ஸே வாதி. எப்படிக் காலம் சுழல்கிறது பாருங்கள்! அந்தத் தீர்ப்பில் வெர்ஷன் என்பதற்குத் தெளிவான இலக்கணம் கிடைத்தது. ஏற்கெனவே வெளியான பாட்டை வேறு குரலில், வேறு வாத்தியக்காரர்களையும் இசை அமைப்பாளர்களையும் கொண்டு புதிதாகப் பதிவு செய்வது. அது அசல் ஒலிப்பதிவின் பிரதியும் அல்ல, மறு அச்சும் அல்ல.

இதற்குள் குல்ஷன் குமார் உயிரோடு இல்லை. 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி மும்பை அந்தேரியில் கோவிலுக்குப் போய் வெளியே வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்று வாதாடியவர்களும் அன்று வருந்தினார்கள்.

ராயல்டி யார் வீட்டுக்குப் போயிற்று?

இந்த விவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மறுபதிவுக்குக் கட்டிய ராயல்டி யாருக்குப் போயிற்று? மெட்டமைத்தவருக்கா, பாட்டு எழுதியவருக்கா, முதலில் பாடியவருக்கா?

பெரும்பாலும் மூவருக்கும் இல்லை. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக ஊதியம் பெற்று இசையும் பாட்டும் அமைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் அதை இசைத்தட்டுக் கம்பெனிக்கு விற்றுவிடுவார். ஆகவே மறுபதிவுச் சண்டை என்பது உண்மையில் இரண்டு கம்பெனிகளின் சண்டை. கலைஞர் வீட்டு வாசலுக்கு அந்தப் பணம் வரவே இல்லை.

அதே 1977 வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய கூடுதல் குறிப்பு நம்மவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர் அவர். அன்றைய சட்டத்தில் 'இசைப் படைப்பு' என்றால் காகிதத்தில் எழுதிய ஸ்வரக் குறிப்புதான். உருக்கமாகப் பாடும் குரலுக்குச் சட்டத்தில் இடமில்லை. இந்திய சங்கீதத்தின் ஜீவன் பாடுகிறவரிடம் இருக்க, காகிதத்துக்கு மட்டும் உரிமை கொடுப்பது நம் மண்ணுக்குப் பொருந்தாத சட்டம் என்று அவர் சுட்டிக்காட்டினார். கச்சேரி கேட்டு வளர்ந்த காது இல்லாமல் இப்படி எழுத முடியாது. 1994 திருத்தத்தில் எழுதப்படாத இசைக்கும் பாதுகாப்பு வந்தது, பாடகர் முதலிய நிகழ்த்து கலைஞர்களின் உரிமையும் சட்டத்தில் ஏறியது.

முழு மாற்றம் 2012-ல்தான். ராஜ்ய சபை நியமன உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காக வெகுவாக வாதாடினார். 2012 ஜூன் 21 முதல் அமலுக்கு வந்த திருத்தம், பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் சினிமா அரங்குக்கு வெளியே கிடைக்கும் ராயல்டியில் சமபங்கு கொடுத்தது. அதை அவர்கள் எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. மறுபதிவுக்கு 31-சி என்ற தனிப் பிரிவே வந்தது. இரண்டு ஆண்டு என்பது ஐந்து ஆண்டாயிற்று. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். அட்டையில் இது கவர் வெர்ஷன் என்று சொல்ல வேண்டும். முதலில் பாடியவரின் பெயரோ படமோ போடக் கூடாது. டில்லியில் நடந்த ஒவ்வொரு தகராறும் இந்தப் பிரிவில் ஒரு வாக்கியமாக உறைந்திருக்கிறது.

சில ஒப்பீடுகள்

இனி, சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் காதால் ஒப்பிடுவோம்.

1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய 'இளைய நிலா'வை அறியாத தமிழர் இல்லை. அடுத்த ஆண்டே ஹிந்தியில் 'கலாகார்' படத்தில் அதே மெட்டைக் கிஷோர் குமார் பாடினார். டில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்குக் கிஷோர் பாட்டே முதலில் தெரியும். எஸ்.பி.பி. குரலில் ஓர் இளமை, மிதப்பு. கிஷோர் குரலில் வயது முதிர்ந்த ஒருவரின் நிதானமும் லேசான சோகமும். மெட்டு ஒன்றாக இருந்தும் இரண்டும் இரண்டு மனிதர்கள். இதில் தோற்றவர் என்று யாரையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மெட்டின் கர்த்தா யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அது டில்லிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதுதான் குறை.

ஆங்கிலத்தில் டாலி பார்ட்டன் என்ற அம்மையார் 1974-ல் தாமே எழுதிப் பாடி வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகப் பிரசித்தமாக்கினார். அங்கே பாட்டின் உரிமை எழுதியவரிடமே இருந்ததால், மறுபாட்டின் வெற்றி அவருக்கும் செல்வமாக வந்தது. மறுபாட்டு அசலுக்குப் பகை ஆக வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பக்தி கீதங்களில் பிரச்னையே வேறு. பிரதிவாதி பயங்கரம் அண்ணா 15-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஸ்ரீ வேங்கடேச ஸுப்ரபாதத்துக்கு இன்று யாருக்கும் பதிப்புரிமை இல்லை, எவரும் பாடலாம். ஆனால் 1963-ல் எம்.எஸ். அம்மா பாடிய இசைத்தட்டு வந்த பிறகு, ஸுப்ரபாதம் என்றால் அந்தக் குரல்தான் என்று ஆகிவிட்டது. அதேபோல் துளஸிதாஸரின் ஹனுமான் சாலீஸா. அதை டி-சீரீஸுக்காகப் பாடியவர் நம் ஹரிஹரன், மும்பையில் சங்கீதம் சொல்லிக்கொடுத்த அலமேலு மணி அம்மையாரின் புதல்வர். யூ-டியூபில் அதை 300 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். நூற்றாண்டுகளாகக் கோடானுகோடி பேர் பாடியதில் ஒரு பதிவு 'அசல்' ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. முந்திப் பாடியதால் அது அசல் ஆகவில்லை, மனதில் பதிந்ததால் ஆயிற்று.

இதற்கு எதிர்முனையில் 2002 வாக்கில் வந்த ரீமிக்ஸ் அலை. 1972-ஆம் ஆண்டு 'ஸமாதி' படத்தில் ஆர்.டி.பர்மன் இசையில் லதா பாடிய 'காண்டா லகா' புது வேகத்தோடும் புதுப் படக்காட்சியோடும் வந்து பெரியவர்களை முகம் சுளிக்க வைத்தது. லதா மங்கேஷ்கர் இத்தகைய காரியங்களைப் பற்றித் தம் வருத்தத்தைப் பகிரங்கமாகவே சொன்னார். எனக்கும் அவர் கட்சிதான் சரி என்று தோன்றுகிறது. கேஸட் கால மறுபாட்டில் அசலின் மேல் ஒரு மரியாதை இருந்தது. பாடகர் அசலின் அருகே போக முயன்றார். ரீமிக்ஸில் அந்த முயற்சியே இல்லை.

முடிவாக

என் தீர்ப்பு என்ன என்று கேட்டால், குல்ஷன் குமார் திறந்த ஜன்னலால் வீட்டுக்குள் காற்றும் வந்தது, தூசியும் வந்தது. ரஃபி பாட்டு எளியவர் வீட்டுக்குப் போயிற்று. பிள்ளைப் பிராயத்திலிருந்து மேடையில் ரஃபி பாட்டுப் பாடிவந்த சோனு நிகமுக்கு அந்தக் கேஸட்டுகளே குருகுலமாக அமைந்தன. 1997-ல் 'பார்டர்', 'பர்தேஸ்' படங்களில் அவர் தம் சொந்தக் குரலோடு எழுந்து நின்றார். போட்டியைக் கண்ட பிறகே பெரிய கம்பெனிகளும் தங்கள் பொக்கிஷ அறையைத் திறந்தன. எச்.எம்.வி.யின் வாரிசான ஸரிகமா 2017-ல் 5,000 பழைய பாட்டுகளை ஒரு பெட்டியில் அடைத்து 'கார்வான்' என்று விற்றது. நம் வீடுகளில் பலவற்றில் அது ஈஸிசேர் பக்கத்தில் இருக்கிறது. அசலே இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்போது, மலிவு என்பதற்காக மறுபாட்டை நாட வேண்டிய அவசியம் இன்று இல்லை. தூசி எது என்றால், யார் மெட்டு, யார் வரி, யார் முதலில் பாடியது என்ற மூன்று விவரங்களும் அட்டையிலிருந்தும் நினைவிலிருந்தும் உதிர்ந்து போனதுதான்.

இதை நாம் சரி செய்யலாம். செலவும் இல்லை. நம் கிளைகளில் நவராத்திரிக்கும் ஆண்டு விழாவுக்கும் குழந்தைகள் மேடை ஏறிப் பாடுகிறார்கள். கர்நாடக சங்கீதமானால் ராகம், தாளம், வாக்கேயகாரர் பெயர் சொல்லிவிட்டுப் பாடுகிறோம். அது நம் மரியாதை. சினிமாப் பாட்டு பாடும் குழந்தைக்கும் அதே பழக்கத்தைக் கற்றுக்கொடுப்போம். இசை இன்னார், இயற்றியவர் இன்னார், முதலில் பாடியவர் இன்னார் என்று மூன்று பெயர். அரை நிமிஷம் ஆகாது. பாடி முடித்த பிறகு வீட்டுக்கு வந்து அசலை ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். எங்கே தான் வேறு மாதிரி பாடினோம் என்று குழந்தையே கண்டுபிடிக்கும். அதுவும் ஒரு பாடாந்தரம்தான்.